அளவுகோல் இல்லாத துல்லியம்

சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் சக்கரம். பெரும்பாலான பழைய வாட்சுகளில் அது மணிக்கு 18,000 முறை ஆடும். ஒரு நாளைக்கு 4,32,000 ஆட்டம். அத்தனையையும் தாங்குவது அந்தச் சக்கரத்தின் தண்டில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு முனைகள். ஒவ்வொரு முனையின் விட்டமும் 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். அது வட்டம் பிசகாமல் இருக்க வேண்டும், கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும், தண்டின் மையத்திலிருந்து துளியும் விலகாமல் நிற்க வேண்டும்.

இதை 1750-ல் ஒருவர் எப்படிச் செய்தார்? அவரிடம் மின்சாரம் இல்லை. இன்று எந்தப் பட்டறையிலும் கிடக்கும் மைக்ரோமீட்டர் அவர் மேசையில் இல்லை. ஜன்னலோர வெளிச்சமும் ஒரு கண் லென்ஸும் சில கருவிகளும்தான் இருந்தன. பழைய வாட்ச் கருவிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களை முதலில் இழுப்பது பித்தளையின் மினுக்கமும் மஹோகனிப் பெட்டியும்தான் என்றாலும், அந்த மோகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது இந்தக் கேள்வி. கருவியைக் கையில் எடுத்து வேலை செய்து பார்க்காதவரை அதற்கு விடையும் கிடைப்பதில்லை.

முனையை ஏன் இவ்வளவு மெல்லியதாக வைக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உராய்வு ஒரு சுழலும் தண்டைப் பின்னிழுக்கும் முறுக்குவிசை, அந்தத் தண்டின் ஆரத்தைப் பொறுத்தது. எடை மாறாமல் முனை மட்டும் பாதியாக மெலிந்தால் பின்னிழுப்பும் பாதியாகக் குறையும். வாட்சுக்குள் இருக்கும் ஆற்றல் சுருண்டு கிடக்கும் ஒரு மெயின் ஸ்பிரிங்கில் அடைபட்டது மட்டுமே. அதைக் கொண்டு ஒரு நாளுக்கு மேல் ஓட்ட வேண்டும். அதனால்தான் முனையை உடைகிற எல்லைவரை மெலிய வைத்தார்கள். முனை சுழலும் குழியை மாணிக்கக் கல்லில் துளைத்ததும் அதே கஞ்சத்தனத்தால்தான். 1704-ல் நிக்கோலா ஃபாத்தியோவும் அவருடைய கூட்டாளிகளும் லண்டனில் காப்புரிமை வாங்கிய யோசனை அது. எச்.எம்.டி. வாட்ச் டயல்களில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பார்த்திருப்போமே, அந்தக் கற்கள்.

மெல்லிய முனைக்கு ஒரு விலை உண்டு. வாட்ச் கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுதான். அதிர்ச்சியை உள்வாங்கும் இன்காப்ளாக் என்ற ஸ்பிரிங் அமைப்பு 1934-ல் வந்து, பிறகு எல்லா வாட்சுகளுக்கும் பரவும்வரை, பேலன்ஸ் தண்டு முறிவது ரிப்பேர்க்காரரின் அன்றாடப் பிழைப்பு. ஒவ்வொருவருக்கும் புதிய தண்டு கடையத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இன்று சந்தையில் கிடைக்கும் பழைய கருவிகளில் கணிசமான பகுதி, யாரோ கைதவறிப் போட்ட வாட்சுகளுக்காகச் செய்யப்பட்டவைதான்.

இந்தக் கருவிகளில் எளிமையானது, ஆங்கிலேயக் கைவினைஞர்கள் டர்ன்ஸ் என்று அழைத்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சட்டம். அதன் மேல் எதிரெதிராக இரண்டு தாங்கிகள். ஒவ்வொரு தாங்கியிலும் பென்சிலைவிட மெலிந்த ஓர் எஃகுக் கம்பி, நுனிகள் ஒன்றையொன்று பார்த்தபடி. கடைய வேண்டிய தண்டின் இரு நுனிகளையும் கூம்பாகத் தீட்டி, கம்பி நுனிகளில் உள்ள சிறு குழிகளுக்கு நடுவே மாட்டிவிடுவார்கள். சட்டத்தைப் பட்டறை வைஸில் இறுக்குவார்கள். சுழற்றுவதற்கு ஒரு வில். தண்டின் மேல் சிறு பித்தளைக் கப்பியைப் பொருத்தி, வில்லின் நாணை அதில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, இடக்கையால் மேலும் கீழும் இழுக்க வேண்டும். மோர் கடையும் மத்தும் கயிறும் போலத்தான், மத்து மட்டும் ஊசிப் பருமனுக்கு இறங்கிவிட்டது. மென்மையான வேலைக்கு நாண் குதிரை வால்முடி. வலக்கையில் செதுக்குளி. வில் கீழே வரும்போது உளி வெட்டும். மேலே போகும்போது தண்டு எதிர்ப்பக்கம் சுழலும். அந்த நேரத்தில் உளியை ஒரு நூல் பின்வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டு, விலகு, வெட்டு, விலகு. பார்க்கிறவர்களுக்கு இது ஆதிவாசித் தொழில்நுட்பம்போலத் தெரியும்.

ஆனால் இதில் ஒளிந்திருக்கும் வடிவியல் எந்த நவீன லேத்துக்கும் சவால் விடக்கூடியது. சாதாரண லேத்தில் சுழல்வது இயந்திரத்தின் சொந்தத் தண்டு. வேலைப்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சுழல்கிறது. எனவே இயந்திரத்தின் தண்டிலும் அதன் தாங்கியிலும் பிடிப்பானிலும் இருக்கும் எல்லாக் கோணலும் வேலையில் இறங்கும். டர்ன்ஸில் கருவியின் எந்தப் பாகமும் சுழல்வதில்லை. அசையாமல் நிற்கும் இரண்டு குழிகளுக்கு நடுவே, வேலைப்பொருள் தன் சொந்த நுனிகளின் மேல் தானே சுழல்கிறது. எங்கே வெட்டினாலும் அந்த வெட்டு அந்த இரு நுனிகளையும் இணைக்கும் கோட்டைச் சுற்றிய வட்டமாகவே வந்து சேரும். கம்பிகள் இரண்டும் சற்றே விலகி நின்றாலும் வட்டம் கெடாது. தண்டைக் கழற்றி அளந்து பார்க்கலாம், தலைமாற்றி மாட்டலாம், மறுநாள் மறுபடி மாட்டலாம். மையம் போவதில்லை, ஏனென்றால் மையம் கருவியில் இல்லை. வேலைப்பொருளிலேயே இருக்கிறது.

பழைய கருவிகளின் சூட்சுமம் முழுவதையும் இந்த ஒன்றிலேயே பிடித்துவிடலாம் என்பது என் கட்சி. துல்லியமான பொருளைச் செய்யத் துல்லியமான இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரத்தைச் செய்ய அதைவிடத் துல்லியமான இன்னொன்று வேண்டும் என்று போனால் முடிவே கிடையாது. அந்தச் சங்கிலியை அவர்கள் வெட்டியது, பொருளையே அதற்கு அளவுகோலாக ஆக்கித்தான். எத்தனை மில்லிமீட்டர் என்று அவர்கள் அதிகம் கேட்கவில்லை. இதோடு இது ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள்.

வெப்பநிலையையும் அவர்கள் இப்படித்தான் கையாண்டார்கள். தண்டுக்கான எஃகை முதலில் செக்கச்சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பார்கள். ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸிலிருந்து சட்டென்று குளிரும்போது எஃகின் உள்ளமைப்பு இறுகி, கண்ணாடிபோலக் கடினமாகவும் கண்ணாடிபோலவே நொறுங்கக்கூடியதாகவும் ஆகிவிடும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். எவ்வளவு சூடு? பளபளப்பாகத் தேய்த்த எஃகின் மேல் சூடேற ஏற ஆக்சைடுப் படலம் ஒன்று வளரும். அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டும். சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதும் இதே இயற்பியலால்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரிக்குப் பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற நீலம். தண்டை நீலத்தில் நிறுத்துவார்கள். பித்தளைத் துருவலை ஒரு சின்னத் தட்டில் பரப்பி, அதன் மேல் எஃகை வைத்து, அடியில் விளக்கைக் காட்டினால் சூடு எல்லாப் பக்கமும் சமமாக ஏறும். நீலத்தில் நின்ற எஃகு, மஞ்சளில் நின்ற உளியைவிடச் சற்று மெது. உளி அதை வெட்ட முடியும். அதே சமயம் கல்குழியில் பல ஆண்டு சுழன்றாலும் தேயாத அளவுக்குக் கடினம். அந்த இடைவெளிக்குள்தான் கடைசல் வேலை முழுவதும் நடக்கிறது. மோட்டார் லேத்தில் அவசரப்பட்டு உளியை அழுத்தினால் சூடேறி அந்தப் பதமே கலைந்துவிடக்கூடும். வில்லின் நிதானத்தில் அந்தப் பயம் குறைவு.

உளியோடு முனை முடிவதில்லை. அடுத்தது ஜக்கோ கருவி. பழைய கருவி சேர்ப்பவர்களிடம் எது உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கும் இதுதான். டர்ன்ஸின் தம்பிபோல இருக்கும். ஒரு பக்கம் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் மையம். மறுபக்கம் ஓர் எஃகு உருளை. அதன் விளிம்பைச் சுற்றி அரைக்குழல்போலப் பள்ளங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஓரிரு பங்கு பெரியது. முனையை அதற்கேற்ற பள்ளத்தில் படுக்க வைத்து, மேலே பர்னிஷர் என்ற தட்டையான கடின எஃகை வைத்து, வில்லால் சுழற்றிக்கொண்டே அழுத்தித் தேய்க்க வேண்டும். முனையின் மேற்பரப்பு எந்தத் திசையில் ஓடி வருகிறதோ அதற்கு எதிராகப் பர்னிஷர் போக வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய்.

இங்கே என்ன நடக்கிறது என்பது உலோகவியல் படித்தவர்களையும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும். அரத்தாலோ எமரித் தாளாலோ தேய்த்தால் உலோகம் சுரண்டப்பட்டு வெளியேறும். பின்னால் கீறல்கள் எஞ்சும். எமரித் துகள்கள் எஃகிலேயே பதிந்து நின்று, பிறகு கல்குழியைக் குடையவும் செய்யும். பர்னிஷர் ஓரளவுக்கு மேல் சுரண்டுவதில்லை. உளி விட்டுச்சென்ற நுண்ணிய மேடுகளை அமுக்கிப் பள்ளங்களுக்குள் பரப்பிவிடுகிறது. உலோகம் திரவமாகாமலே வழிகிறது. அப்படி அழுத்தி நசுக்கப்பட்ட மேல்தோலில் எஃகின் படிக ஒழுங்கு சிதைந்து, பின்னிக்கொண்டு, அடியில் இருப்பதைவிடக் கடினமாகிறது. தோல் ஒருவித அமுக்கத்திலேயே உறைந்து நிற்பதால் விரிசல் அவ்வளவு எளிதில் விழாது. மெருகு, கடினம், தாங்குதிறன் மூன்றும் ஒரே இழுப்பில். பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞருக்குப் படிகங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பர்னிஷ் செய்த முனை தேயாது என்று தெரியும், அது போதுமாக இருந்தது.

கண் லென்ஸ் வழியே பார்த்தால் இது ஒரு சின்ன நாடகம். முதல் சில இழுப்புகளில் முனை சாம்பல் நிறத்தில் மந்தமாக இருக்கும். பிறகு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் பிறக்கும். அது முனையின் முழு நீளத்துக்கும் நேர்க்கோடாக ஓடினால் முனை சரியான உருளை. நடுவில் தடித்தோ ஓர் ஓரத்தில் வளைந்தோ தெரிந்தால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பள்ளம் சிறிதாக இருந்தால் முனை துள்ளி வெளியே வந்து ‘டக்’ என்று முறியும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இந்தத் தொழிலைக் கற்றவர் யாரும் இல்லை என்பார்கள். பள்ளம் பெரிதாக இருந்தால் பர்னிஷர் முனையை விட்டுவிட்டு உருளையைத் தேய்க்கும். பர்னிஷரின் முகத்தையும் அவ்வப்போது கண்ணாடியில் விரித்த எமரித் தாளில் குறுக்குவாட்டில் தேய்த்து, நுண்ணிய குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும். முற்றிலும் வழவழப்பான பர்னிஷர் வழுக்கும், வேலை செய்யாது. அந்தக் கோடுகள்தான் உலோகத்தைப் பற்றி இழுக்கின்றன.

ஒத்துப்பார்த்தல் என்ற தத்துவத்தை அப்பட்டமாகக் காட்டும் கருவி இன்னொன்று உண்டு, டெப்திங் டூல். ஒரு சக்கரத்தின் பற்கள், அடுத்துள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் பற்களோடு எவ்வளவு ஆழத்தில் கோத்து ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது இதன் வேலை. ஆழம் அதிகமானால் பல் பல்லில் சிக்கி இழுக்கும். குறைந்தால் பல் தாவும், விசை விட்டுவிட்டுப் போகும். இன்று இதைச் சூத்திரத்தில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் கையால் வெட்டிய சக்கரங்களில் ஒவ்வொன்றும் சற்று வேறு. அவற்றுக்குச் சூத்திரம் பாதி வழிதான் துணைக்கு வரும். கருவியில் கீலால் இணைந்த இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி மையக் கம்பி. சக்கரத்தை ஒன்றிலும் பினியனை மற்றதிலும் மாட்டி, ஒரு திருகைத் திருப்பித் திருப்பி இரண்டையும் நெருக்கிக்கொண்டே விரலால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியில் கரகரப்பு மறைந்து, இரண்டும் எண்ணெயில் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே நிறுத்திவிட்டு, கம்பிகளின் வெளி நுனிகளை வாட்சின் பித்தளைத் தகட்டில் ஊன்றி ஒரு வில் கோடு கிழித்தால், அந்தத் தூரம் அப்படியே தகட்டுக்கு வந்துவிடும். எத்தனை மில்லிமீட்டர் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய டெப்திங் டூல் ஒன்றை விலைக்கு வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனையும் இதே குணம் கொண்டது. இரண்டு ஜோடிக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் நடுவே அமைத்த தூரமும் வெளி நுனியில் கிழிக்கும் தூரமும் ஒன்றாக இருக்கும். அதனால் ஏதோ ஒரு தூரத்தில் திருகை நிறுத்தி, ஒரு பக்கத்து நுனிகளால் தகட்டில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். பிறகு கருவியைத் திருப்பி, மறுபக்கத்து நுனிகளால் அதே மையத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒரே கோடாக விழுந்தால் கருவி நல்லது. இரட்டைக் கோடு தெரிந்தால் எவ்வளவு மினுக்கினாலும் அது அலமாரிப் பொம்மை. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு பித்தளைத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

சக்கரத்தில் பல் வெட்டுவதில் வேறொரு தந்திரம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் ஹூக்கின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பல்வெட்டும் இயந்திரங்களில், வெட்ட வேண்டிய சின்னச் சக்கரத்துக்கு அடியில் பெரிய பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும். அதில் வட்டம் வட்டமாகத் துளைகள், 60, 72, 80 என்று. ஒரு பல் வெட்டியதும் தட்டை அடுத்த துளைக்கு நகர்த்த வேண்டும். தட்டின் துளைகளையும் மனிதர்தானே போட்டார், அதில் பிழை இருக்காதா? இருக்கும். ஆனால் 150 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு துளை 0.1 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால், 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கி 0.003 மில்லிமீட்டராகிவிடும். பெரியதில் செய்த தவறு சிறியதில் கரைந்துபோகிறது.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் யார்? டயலில் லண்டன் என்று பொறித்த பழைய ஆங்கிலேய வாட்சுகள் பலவற்றின் உள்வேலை, வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரெஸ்கட் என்ற சிற்றூரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த வீடுகளில் நடந்தது. கருவிகளும் அங்கேதான் பிறந்தன. ஒருவர் பினியன் கம்பி மட்டும் இழுப்பார், இன்னொருவர் அரம் மட்டும் வெட்டுவார். பிரெஸ்கட்டிலிருந்து லிவர்பூலுக்குப் போன ஜான் வைக் 18-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட படப் பட்டியலில், வாட்ச் கருவிகள் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக வரிசைகட்டி நிற்கின்றன. கையில் கிடைத்த கருவி என்னவென்று தெரியாமல் முழிக்கும் சேகரிப்பாளர்களுக்கு அதன் மறுபதிப்பு இன்றும் துணை.

அங்கே என்னைக் கவர்ந்தவர் வாரிங்டனைச் சேர்ந்த பீட்டர் ஸ்டப்ஸ். 1756-ல் பிறந்து 1806-ல் மறைந்தவர். அரம் செய்யும் தொழிலோடு ‘ஒயிட் பேர்’ என்ற சாராய விடுதியும் நடத்தினார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும், ஆனால் உண்டு. அரத்தின் பற்களைக் கையால் உளி வைத்து வரிவரியாக வெட்டிய பிறகு அதைக் காய்ச்சித் தோய்க்க வேண்டும். வெறும் நெருப்பில் காய்ச்சினால் பல் நுனியிலுள்ள கரிமம் எரிந்துபோய் நுனி மழுங்கும். அதைத் தடுக்க ஒரு பசை பூசுவார்கள். ஸ்டப்ஸின் பட்டறையில் அந்தப் பசைக்கு பீர் பீப்பாயின் அடியில் தங்கும் வண்டலும் மால்ட் தூளும் போயின. நெருப்பில் அவை கருகிக் கரிமப் போர்வையாக மாறி, பல் நுனியைக் காத்தன. விடுதியின் கழிவு பட்டறையின் மூலப்பொருள். ‘பி. எஸ்.’ முத்திரை போட்ட ஸ்டப்ஸ் அரங்களை வாட்ச்காரர்கள் தேடி வாங்கினார்கள். எஃகுக் கம்பியின் பருமனைக் குறிக்க அவர் பெயரில் ஓர் அளவு வரிசையே நிலைத்துவிட்டது.

அமெரிக்கர்கள் வேறு பாதையில் போனார்கள். மாசசூசெட்ஸில் வால்த்தம் வாட்ச் ஆலைக்காரர்கள், கையின் திறமையை இயந்திரத்துக்குள் இறக்கிவிட்டால் யாரை வேண்டுமானாலும் வேலைக்கு வைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். துளையுள்ள சுழல்தண்டும், அதற்குள் இழுத்தால் இறுகும் பிளவுபட்ட பிடிப்பானும் 1850-களின் கடைசியில் அந்த வட்டாரத்தில் உருவாயின. சார்லஸ் மோஸ்லியின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1889-ல் வந்த வெப்ஸ்டர்-விட்கோம்ப் லேத், 8 மில்லிமீட்டர் பிடிப்பானை உலகம் முழுக்க வழக்கமாக்கியது. இன்றும் அந்தப் பிடிப்பான்கள் கிடைக்கின்றன. முகத்தில் 25 என்று இருந்தால் 2.5 மில்லிமீட்டர் என்று அர்த்தம். வேகம், வசதி இரண்டிலும் டர்ன்ஸ் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் தண்டைக் கழற்றித் திருப்பி மாட்டியதும் மையம் ஒரு நூல் விலகும். அந்த ஒரு நூலுக்காகத்தான் கறாரான சுவிஸ் பயிற்சிப் பள்ளிகள் லேத் வந்த பிறகும் நெடுங்காலம் மாணவர்கள் கையில் வில்லைக் கொடுத்து வந்தன.

பிறகு இவை எல்லாம் எப்படிச் சந்தைக்கு வந்தன? 1969 டிசம்பர் 25-ல் டோக்கியோவில் சீக்கோ விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரம் தொடங்கி வைத்த அலையில், சுவிட்சர்லாந்தின் வாட்ச் தொழிலில் 1970-ல் சுமார் 90,000 பேருக்கு இருந்த வேலை, 1980-களின் பிற்பகுதிக்குள் ஏறக்குறைய 30,000 ஆகக் குறைந்தது. பட்டறைகள் மூடின. மேசையோடு, இழுப்பறையோடு, பெட்டியோடு கருவிகள் எடைக்குப் போயின. இன்று சேகரிப்பாளர்கள் கொண்டாடும் பல பெட்டிகள் அந்த எடைத்தட்டிலிருந்து தப்பியவை.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது முழுமை. நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் நகரில் கெண்ட்ரிக் அண்ட் டேவிஸ் நிறுவனம் செய்த ஸ்டேக்கிங் செட் ஒன்றை, அதாவது பாகங்களைத் தட்டிப் பொருத்தவும் கழற்றவும் உதவும் கருவியை, எடுத்துக்கொள்வோம். நடுவில் இரும்புத் தூண் வளைவு, அடியில் சுழலும் வட்டத்தகடு, அதில் பெரிதிலிருந்து சிறிதுவரை துளைகள், பெட்டியில் வரிசையாக நூறு பஞ்ச் வரை. முதலில் கூர்மையான பஞ்சை இறக்கித் துளையை நேர் மையத்துக்குக் கொண்டுவந்து தகட்டைப் பூட்டுவார்கள். பிறகு எந்தப் பஞ்சைப் போட்டுச் சுத்தியால் தட்டினாலும் அடி செங்குத்தாக அதே மையத்தில் விழும். இங்கும் கருவி தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. அந்த ஒரு கூர்ப் பஞ்ச் தொலைந்துபோன செட் பாதி விலைகூடப் பெறாது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கலாம். அவையும் அந்தந்தச் செட்டுக்குப் பொருந்த வேண்டும். முறிந்த பேலன்ஸ் தண்டை இதில் வைத்துத் தட்டி வெளியேற்றலாமா, அல்லது லேத்தில் அதன் ரிவெட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டுமா என்று வாட்ச்காரர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. தட்டினால் சக்கரத்தின் துளை விரியும் என்பதால் நான் வெட்டுகிற கட்சி.

துருவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கூராக்கிய குச்சியால் மெல்லச் சுரண்டினால் பெரும்பகுதி போய்விடும். பயப்பட வேண்டியது பளபளப்பைக் கண்டுதான். சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றிய கருவியில் விளிம்புகள் உருண்டுபோயிருக்கும். கம்பித் துளைகள் அகன்றிருக்கும். முன்னாள் சொந்தக்காரர் பொறித்த பெயரெழுத்தும் போயிருக்கும். பழைய எஃகு பெரும்பாலும் காந்தமேறி இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. காந்தமேறிய சாமணத்தால், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கைத் தொட்டால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் தறிகெட்டு ஓடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வாட்ச் மேசையின் இழுப்பறைகளோடு சேர்ந்து சில சமயம் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும், இருட்டில் ஒளிரும் பூச்சுப் பூசிய பழைய முட்களும் வந்துவிடும். 1960-கள்வரை அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். இன்று அது ஒளிராது, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒளிராமல் போனதற்குக் காரணம், கூடவே கலந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போனது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும், அது அப்படியேதான் இருக்கிறது. உதிர்ந்த தூள் மூச்சில் போனால் எலும்பில் போய்த் தங்கும். அப்படிப்பட்ட குப்பியைத் திறக்கவே கூடாது. முட்களைச் சுரண்டக் கூடாது. இழுப்பறையை உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கக் கூடாது.

இந்தக் கருவிகளைக் கொண்டு இன்றும் முழு வாட்ச் செய்ய முடியுமா? ஜார்ஜ் டேனியல்ஸ் செய்து காட்டினார். 1926-ல் பிறந்த இந்த ஆங்கிலேயர், பழைய வாட்சுகளைப் பழுதுபார்த்துப் பார்த்தே கற்று, ஐல் ஆஃப் மேன் தீவில் தன் பட்டறையில் தனியொருவராகக் கிட்டத்தட்ட எல்லாப் பாகங்களையும் தானே செய்து வாட்சுகள் உருவாக்கினார். எப்படிச் செய்தார் என்பதை 1981-ல் ஒரு பெரிய புத்தகமாகவும் எழுதி வைத்தார். அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் விசைவிடுப்பு அமைப்பை 1999 முதல் ஒமேகா நிறுவனம் ஆலையில் தயாரிக்கிறது. பழங்கருவிகளோடு வாழ்ந்தவர் பழமையில் தங்கிவிடுவார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்த தலைமுறைக்கு இந்தக் கைத்திறனைக் கைமாற்றும் முயற்சியும் நடந்தது. ராபர்ட் க்ரோபெல், ஸ்டீஃபன் ஃபோர்சி, ஃபிலிப் தூஃபூர் என்ற மூன்று வாட்ச் கலைஞர்கள், பாரிஸில் வாட்ச் பள்ளி ஆசிரியராக இருந்த மிஷெல் பூலாஞ்சேயைத் தேர்ந்தெடுத்து, கணினி இயக்கும் இயந்திரம் எதுவும் இல்லாமல் கையாலும் பழைய கருவிகளாலும் ஒரு வாட்சை முதலிலிருந்து முடிவுவரை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியரையே மாணவராக்கியது யோசித்துச் செய்தது. அவர் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார் அல்லவா. மொத்தம் 11 வாட்சுகள் என்பது திட்டம். முதலில் உருவான பயிற்சி வாட்ச் 2016-ல் ஹாங்காங்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் 14 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் போனது. 2020-ல் சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் சேர்ந்து முன்மொழிந்த இயந்திரவாட்ச் கைவினையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சேர்ப்பதா, பயன்படுத்துவதா என்ற சச்சரவு மட்டும் சேகரிப்பாளர்களிடையே ஓய்வதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் ஜக்கோ உருளையின் பள்ளம் தேய்கிறது. கையால் வெட்டிய ஸ்டப்ஸ் அரம் மழுங்கினால் மறுபடி வெட்டித்தர இன்று ஆளில்லை என்று ஒரு தரப்பு. ஓடாத கருவி துருப்பிடித்துப் போகும், அதைவிட மோசமாக, எப்படிப் பிடிப்பது என்பதே மறந்துபோகும் என்று இன்னொரு தரப்பு. கருவிக்குக் கருவி இதற்கு விடை வேறு. 18-ஆம் நூற்றாண்டு லங்காஷயர் டெப்திங் டூல், வைக் முத்திரையுள்ள எதுவும், முழுப் பெட்டியோடு தப்பிப் பிழைத்த ஸ்டப்ஸ் அரங்கள் ஆகியவற்றை எண்ணெய் தடவி வைத்துவிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில் உள்ள சர்வதேசக் கடிகார அருங்காட்சியகம் செய்வது அதைத்தான். ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் சுவிஸ், ஜெர்மன் ஆலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய டர்ன்ஸும் ஜக்கோவும் அரிய பொருள் அல்ல. அவற்றில் ஒன்றை வாங்கி, ஊசியை நீலத்துக்குப் பதமிறக்கி, அதில் முதல் முனையைக் கடைந்து பார்க்கலாம். முறிந்தால் போனது ஓர் ஊசிதான்.